நீச்சல் குளத்தில் ஆடிப்பெருக்கு

நீச்சல் குளம் மஞ்சளாக இருந்தது.

ஓரத்தில் லேசான மஞ்சள் என்று நினைத்துவிடாதீர்கள். ஆழம் குறைந்த பக்கத்திலிருந்து பாதிக் குளம் வரை, பருப்பு வெந்து குழைந்த நிறம். அதன்மேல் சாமந்தி, கதம்பம், வெற்றிலை, காதோலை கருகமணி. ஒரு வெற்றிலையில் வைத்த சூடம் அணையாமல் எரிந்தபடி, 'ஆழம் எட்டு அடி, நீச்சல் தெரியாதவர்கள் இங்கே வரக்கூடாது' என்ற போர்டை நோக்கி நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது.

குளத்தைச் சுற்றிப் பட்டும் சுங்குடியுமாக முப்பத்திரண்டு பெண்கள். எல்லோரும் எங்கள் சிட்லபாக்கம் காலனிக்காரர்கள். இரண்டு வேன் பிடித்து அவர்களை அங்கே அழைத்து வந்தவள் நான்.

என் கையில் ரிசப்ஷனின் கார்ட்லெஸ் போன். இரண்டு நிமிஷம் முன்னால்தான் அதில், "தாராளமா இன்னிக்கே வாங்க மேடம், நாலு மணிக்கு எல்லாம் ரெடியா இருக்கும்" என்று தேனொழுகச் சொல்லியிருந்தேன்.

போன வாரம் இந்தப் பத்தியில் வந்த, நான் வேலைக்குப் போகும்போது பஸ்ஸில் தூங்கிப்போய் மாமல்லபுரம் வரை சென்ற கதையைப் படித்த ஒரு வாசகி, "அந்த வேலை எத்தனை நாள் தாங்கியது?" என்று எழுதிக் கேட்டிருக்கிறார். கேள்வியின் குறும்பு புரிகிறது. வேலை போக வேண்டிய நாள் என்று ஒன்று வந்தது. அது இந்த நாள்தான்.

தாழ்ந்த குரலில் ஒரு வார்த்தை

என் கணவர் வேலை பார்த்த தொழிற்சாலையை மூடிய பிறகு, நாற்பதை நெருங்கும் வயதில் நான் வேலைக்குக் கிளம்பினேன். கிடைத்தது கோவளத்துக்குத் தெற்கே ஒரு சின்ன ரிசார்ட்டில் ரிசப்ஷன் வேலை. பதினான்கு அறை, ஒரு சாப்பாட்டுக் கூடம், ஒரு நீச்சல் குளம், பின்பக்கம் கடல்.

அந்தக் காலத்தில் எங்கள் காலனியில் 'ரிசார்ட்' என்ற வார்த்தையைக் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்கள். சாயங்காலப் பேப்பரில் எது வந்தாலும் அது ஏதோ ஒரு ரிசார்ட்டில்தான் நடந்திருக்கும். "ஸ்கூல்ல வேலை காலி இல்லையாடி?" என்று என்னிடம் இரக்கத்தோடு கேட்டவர்கள் உண்டு. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

இதில் முதல் ஆள் கற்பகம் அக்கா. எங்கள் வெள்ளிக்கிழமை பஜனைக் குழுவின் தலைவி, ரிட்டயர்டு கெமிஸ்ட்ரி டீச்சர். நான் காலை ஆறரைக்குப் பை மாட்டிக்கொண்டு போகும்போது வாசலில் கோலம் போட்டபடியே, "சேஃபா போயிட்டு வா ஜெயந்தி" என்பாள். போருக்குப் போகிறவளை வழியனுப்புகிற தொனி அதில் இருக்கும்.

தாம்பரம் போய், மேடவாக்கம், சோழிங்கநல்லூர் என்று பஸ் மாறி மாறிக் கடற்கரைச் சாலையைப் பிடிப்பேன். பெரும்பாக்கம் தாண்டும்போது சதுப்பில் கூழைக்கடாப் பறவைகள் நிற்கும். இறங்கும்போது உப்புக்காற்று முகத்தில் அடிக்கும். புடவைக் கஞ்சி அத்தோடு போச்சு.

ஓலைக்கு அடியில் ஏ.சி.

அந்தச் சாலை எனக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். காணும் பொங்கலன்று அப்பா எங்களை எல்லாம் ஒரு வேனில் திணித்து அழைத்துப்போவார். வழி நெடுகச் சவுக்குத் தோப்பு. தோப்புக்கு நடுவே சந்து மாதிரி ஒரு ரோடு. எதிரே லாரி வந்தால் நம் வேன் மணலில் இறங்கி மரியாதை செய்ய வேண்டும். இளநீர் வேண்டுமென்றால் ஒரே ஒரு கடை, அதுவும் கடைக்காரர் மரமேறிவிட்டு வந்திருந்தால்தான்.

அப்போதெல்லாம் கடலுக்குப் போவதென்றால் காலையில் போய் மாலையில் வந்துவிடுவது. கடலோரத்தில் படுத்துத் தூங்க ஒருவன் காசு கொடுப்பான் என்று யாராவது சொல்லியிருந்தால் அப்பா அவரை டாக்டரிடம் அழைத்துப்போயிருப்பார்.

பிறகு ரோடு அகலமானது. டோல்கேட் வந்தது. சவுக்கு இருந்த இடத்திலெல்லாம் போர்டு முளைத்தது. கடலைக் காட்டியபடி ஓலைக்கூரை போட்ட அறைகள், கூரைக்கு அடியில் ஏ.சி. பக்கத்துக் குப்பத்தில் ஓலை வீட்டுக்காரர்கள் எப்போது கான்கிரீட் கிடைக்கும் என்று காத்திருக்க, கான்கிரீட் வீட்டுக்காரர்கள் தி.நகரிலிருந்து ஓலைக்கடியில் தூங்க வந்தார்கள். சனி, ஞாயிறு ரூம் கிடைக்காது. நானே எத்தனை பேரிடம் "ஸாரி சார், ஃபுல்" என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

அந்தப் பெருமை ஒரு டிசம்பர் ஞாயிற்றுக்கிழமை காலையோடு முடிந்தது.

எங்கள் ரிசார்ட்டில் பின்சுவர் வரை வந்து, தோட்டத்தைப் புரட்டிவிட்டு அலை திரும்பியது. உள்ளே யாருக்கும் எதுவும் ஆகவில்லை. பக்கத்துக் குப்பத்தில் அப்படி இல்லை. அதை நான் விவரிக்கப் போவதில்லை, என்னால் முடியாது.

அதற்கப்புறம் ஏழு மாதம் யாரும் வரவில்லை. போன் அடித்தால் ஓடிப்போய் எடுப்பேன், கிரெடிட் கார்டு வேண்டுமா என்று கேட்பார்கள். முதலாளி ஒருநாள் எங்கள் பதினெட்டுப் பேரையும் சாப்பாட்டுக் கூடத்தில் உட்காரவைத்து, ஆகஸ்ட் வரை பார்ப்பேன், அதற்குப் பிறகு பூட்டத்தான் வேண்டும் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் பயமாக இருந்தது.

ஜூலைக் கடைசியில் ஒரு நூலிழை கிடைத்தது. சிறுசேரியில் புதிதாகக் கட்டடம் எழுப்பியிருந்த ஒரு சாப்ட்வேர் கம்பெனி, ஊழியர்களையும் குடும்பங்களையும் ஒருநாள் வெளியே அழைத்துப்போக இடம் தேடியது. முந்நூறு பேருக்கு மேல். வந்தால் எங்கள் ரிசார்ட் பிழைக்கும், வராவிட்டால் பூட்டு. கம்பெனியிலிருந்து நித்யா என்ற பெண் நேரில் வந்து பார்த்துவிட்டு முடிவு சொல்வதாக ஏற்பாடு. வெள்ளிக்கிழமை வருவதாகச் சொன்னவள், ஆடிப்பெருக்கன்று காலை போன் செய்து, "இன்னிக்கே வரட்டுமா மேடம்?" என்றாள். நான் சொன்ன பதில்தான் உங்களுக்குத் தெரியுமே.

முழு மஞ்சள் பாக்கெட்

ஆடிப் பதினெட்டுக்கு எங்கள் காலனிப் பெண்கள் வருஷா வருஷம் கடலுக்குப் போவார்கள். மஞ்சள், குங்குமம், பூ, காதோலை கருகமணி எல்லாம் தண்ணீருக்குக் கொடுத்துவிட்டு, மஞ்சள் சரடு மாற்றிக்கொண்டு, சித்ரான்னம் சாப்பிட்டுத் திரும்புவார்கள். அந்த வருஷம் எவருக்கும் கடல் பக்கம் போகத் துணிச்சல் இல்லை. வீட்டிலேயே பக்கெட் தண்ணீரில் செய்துவிடலாம் என்று கற்பகம் அக்கா தீர்மானமே போட்டுவிட்டாள்.

நான்தான் வலியப்போய், "எங்க ரிசார்ட்டுக்கு வாங்கக்கா. சுத்துச் சுவர் இருக்கு. கூட ஆள் அனுப்பறேன். கரையில நின்னு செஞ்சுட்டு வந்துடலாம்" என்றேன். என் வேலையிடம் கௌரவமானது என்று அவர்கள் கண்ணால் பார்க்க வேண்டுமென்ற ஆசையும் அதில் இருந்தது. மறைப்பானேன்?

கூட அனுப்பிய ஆள் கன்னியம்மா. பக்கத்துக் குப்பத்துக்காரி, முப்பது வயதுக்குள். முன்பு கூடையில் மீன் சுமந்து கேளம்பாக்கம் வரை விற்றவள். படகும் வலையும் போனபிறகு எங்களிடம் அறை கூட்டும் வேலைக்கு வந்தாள். அந்த டிசம்பர் காலையில் அவள் தங்கச்சி மணலில் நெத்திலி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அவ்வளவுதான் கன்னியம்மா எப்போதோ சொன்னது.

கடல்காரி துணைக்கிருந்தால் காலனிக்காரிகளுக்குப் பயம் தெளியும் என்பது என் கணக்கு. நான் போன் பேச உள்ளே போனேன். பேசிவிட்டு வந்தபோது குளம் மஞ்சளாக இருந்தது.

"யாருக்கா இங்க போடச் சொன்னது?" என்றேன்.

"அந்தப் பொண்ணுதான் கேட்டைத் திறக்காம நின்னுது. என்னம்மான்னு கேட்டா, 'இதுவும் தண்ணிதான், இங்கயே பண்ணிக்கோங்கம்மா'ன்னுது" என்றாள் கற்பகம் அக்கா. "நாங்களும் தலைக்குக் கொஞ்சமாத்தான் போட்டோம். விமலா மட்டும் ஈரோட்லேர்ந்து வந்த முழு பாக்கெட்டையும் கொட்டிட்டா. ஒரு கிலோ. அத்தனையும் நயம் மஞ்சள்."

கன்னியம்மா பின்பக்கக் கேட்டில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டிருந்தாள்.

"காலு வர்ல மேடம்" என்றாள். "அவுங்களோட போலாம்னுதான் வந்தேன். தாப்பாவுல கைய வெச்சேன். அதுக்கு மேல முடில. என் வேல பூட்சா?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. கடல் பக்கத்துக் கொடியில் படுக்கை விரிப்புகளை உலர்த்தச் சொன்னால், அவள் எப்போதும் வேறு யாரையாவது அனுப்பிவிடுவாள். ஏழு மாதமாக அதைச் சோம்பல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருமுறை திட்டியும் இருக்கிறேன். அதை இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

"உன் வேலையை விடு, நம்ம எல்லார் வேலையும் போகாம இருக்கணுமேன்னு பாக்கறேன்" என்றேன்.

ஆரத்தி

குளத்தைப் பார்த்துக்கொள்ளும் தேவராஜ் அலறியடித்து ஓடிவந்தான்.

"இன்னா மேடம் இது, சாம்பாரு கணக்கா கீது! நாலு மணிக்கு வாங்கன்னு போன்ல சொன்னியே!"

"ஏதாவது பண்ணு தேவராஜ்."

ஏதாவது பண்ணு என்று ஒரு ஆண்பிள்ளையிடம் சொல்லக்கூடாது. உண்மையாகவே ஏதாவது பண்ணிவிடுவார்கள். உள்ளே போய், தண்ணீரைச் சரிசெய்யப் போடுகிற சோடா பவுடர் டப்பாவைத் தூக்கிவந்து, நான் வாயைத் திறப்பதற்குள் ஒரு வீச்சு வீசினான்.

பவுடர் விழுந்த இடமெல்லாம் குபுகுபுவென்று சிவந்தது.

பின்னாலிருந்து ஒரு குரல், பரவசமாக, "ஆரத்தி!" என்றது. இரண்டு பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அறுபது அடி நீளத்துக்கு ஆரத்தி எடுத்த ரிசார்ட் கிழக்குக் கடற்கரைச் சாலையில் எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும்.

"மஞ்சளோட சோடாக்காரம் சேர்ந்தா செவக்காம என்ன பண்ணும்?" என்று கற்பகம் அக்கா தேவராஜின் கையிலிருந்த டப்பாவைப் பிடுங்கினாள். முப்பது வருஷம் பிள்ளைகளை மிரட்டிய குரல். "அதை வை கீழே. குளோரின் போட்டிருக்கியா?"

"காலீலயே போட்டுட்டேம்மா."

"அது போதும். மிச்சத்தை வெயில் பார்த்துக்கும். ஏண்டி, வேட்டியில மஞ்சக்கறை பட்டா என்ன பண்ணுவோம்? சோப்பையா தேய்ப்போம்? வெயில்ல போட்டா தானா போயிடும். இதுவும் அதே மஞ்சள்தானே?"

முப்பத்திரண்டு பேரும் தலையாட்டினார்கள். கெமிஸ்ட்ரி தெரியாதவர்களுக்கும் மஞ்சக்கறை தெரியும்.

மணி பதினொன்று. நாலு மணிக்கு ஐந்து மணி நேரம். நான் வானத்தைப் பார்த்தேன். மேற்கே தாம்பரம் பக்கத்திலிருந்து ஒரு மேகம் கிளம்பி வந்துகொண்டிருந்தது.

வெயிலே வா

கடற்கரை ரிசார்ட்டில் வேலை செய்கிறவர்களுக்கு வெயிலைப் போல ஒரு விரோதி கிடையாது. விருந்தாளி வந்ததும் முதல் புகார் அதுதான். குடை, பந்தல், பச்சை வலை, மோர் என்று நாங்கள் செய்வதெல்லாம் அதை விரட்டத்தான். அன்று எல்லாம் தலைகீழ். குளத்தைச் சுற்றியிருந்த குடைகளை மடக்கினோம். மேலே கட்டியிருந்த பச்சை வலையைத் தேவராஜ் ஏணி போட்டு அறுத்துத் தள்ளினான். நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பார்கள். எனக்கு வெயிலின் அருமை அந்த மேகத்தின் நிழலில்தான் தெரிந்தது.

மேகம் வரும், குளம் இருளும், முப்பத்திரண்டு பேரும் அண்ணாந்து பார்ப்பார்கள். அம்மியையே பறக்கவைக்கிற ஆடிக்காற்று வந்து அதைத் தள்ளிக்கொண்டு கடலுக்குப் போகும். மறுபடி வெயில் விழும். "ஆங், அப்படி அடி!" என்று யாராவது உற்சாகப்படுத்துவார்கள்.

பூவையும் வெற்றிலையையும் சமையலறை வடிகட்டிகளாலும் இரண்டு படுக்கை விரிப்புகளாலும் அரித்து எடுத்தோம். கருகமணிதான் படுத்தியது. ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டியிருந்தது.

பன்னிரண்டு மணிக்குத் தேவராஜ் வந்து தலையைச் சொறிந்தான். "மேல கலரு எறங்குது மேடம். ஆனா மஞ்சத்தூளு கீய தங்கிட்சி. அத்தக் கலக்கி மேல கொண்டாந்தாத்தான் பில்டரு இயுக்கும், வெயிலும் படும். நா ஒர்த்தன் கலக்கினா நாளைக்கித்தான் முடியும்."

தண்ணீரில் இறங்க வேண்டும். கடல் இல்லை, ஆழம் குறைந்த பக்கத்தில் இடுப்பளவுத் தண்ணீர்தான். ஆனால் அந்த ஏழு மாதத்தில் அவர்களில் பலர் டி.வி.யில் பார்த்ததை மறக்க முடியாமல், ஏரிக்கரைப் பக்கம் நடக்கக்கூடத் தயங்கியவர்கள்.

முதலில் இறங்கியது கன்னியம்மா. புடவையை வரிந்து கட்டிக்கொண்டு, யாரையும் பார்க்காமல், படியில் கால் வைத்து இறங்கிவிட்டாள். இது கடல் இல்லையே, இது அவளுக்குப் பெரிதில்லை. நாலைந்து தடவை நடந்து அடியைக் கலக்கினாள். பிறகு திரும்பி, "வாங்கம்மா, நா கீறேன்ல" என்றாள்.

கற்பகம் அக்கா பட்டுப்புடவையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன, முழம் என்ன" என்றபடி இறங்கினாள்.

குளத்தருகே ஒரு விதி எழுதி மாட்டியிருந்தது, நைலான் நீச்சலுடை இல்லாமல் அனுமதி இல்லை என்று. எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பிய அந்தப் போர்டின் மேல் தேவராஜ் தன் துண்டைப் போட்டு மூடினான்.

அரை மணியில் இருபது பேருக்கு மேல் தண்ணீரில். கையைக் கோத்துக்கொண்டு, கும்மி போல வட்டமாக நடந்து நடந்து மஞ்சளைக் கலக்கினார்கள். முதலில் "பார்த்து, பார்த்து" என்று கத்தினார்கள். அப்புறம் யாரோ யார்மேலோ தண்ணீர் அடித்தார்கள். விமலா, ஒரு கிலோ கொட்டிய புண்ணியவதி, வழுக்கி உட்கார்ந்து எழுந்து, மூக்கில் தண்ணீரோடு சிரித்தாள். அவள் சிரித்ததும் எல்லோருக்கும் தொற்றிக்கொண்டது. பஜனைப் பாட்டு ஒன்று கிளம்பியது. எங்கள் காலனியில் ஏழு மாதமாக அப்படி ஒரு சிரிப்பை நான் கேட்கவில்லை.

பின்னாளில் வாரநாட்களில் பெண்கள் கூட்டமாக வந்து குளத்தில் இறங்கிவிட்டுப் போவது அந்தச் சாலை ரிசார்ட்டுகளில் சகஜமாகிவிட்டது. அதற்கு ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். எங்கள் இடத்தில் அது ஒரு கிலோ ஈரோட்டு மஞ்சளில் ஆரம்பித்தது.

இரண்டரை மணி

நாலு மணிக்கு வருவதாகச் சொன்ன நித்யா இரண்டரைக்கே வந்து நின்றாள்.

சுடிதாரும் கழுத்தில் கம்பெனி அடையாள அட்டையுமாக, இருபத்தைந்து வயதுப் பெண். குளம் அப்போது எலுமிச்சை ஜூஸ் நிறத்துக்கு வந்திருந்தது. உள்ளே இருபது பெண்கள் புடவையோடு. கரையில் சித்ரான்னத் தூக்குகள். கொடியில் மஞ்சள் பிடித்த ஈர விரிப்புகள்.

"ஹெர்பல் பூல் மேடம்" என்றான் தேவராஜ், கண்ணிமைக்காமல்.

அவள் குனிந்து ஒரு கை அள்ளி முகர்ந்தாள். "மஞ்சள்" என்றாள்.

இனி பொய் சொல்லிப் பயனில்லை. ஆடிப்பெருக்கு, கிலோ, ஆரத்தி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஒப்பித்தேன். தண்ணீர் நாளைக்குள் சுத்தமாகிவிடும், மன்னித்துக்கொள்ளுங்கள், வெள்ளிக்கிழமை வந்திருந்தால் நீலமாகப் பார்த்திருப்பீர்கள் என்றேன்.

அவள் குளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவங்கள்லாம் எங்கேர்ந்து வர்றாங்க?"

"சிட்லபாக்கம். எங்க காலனி."

"எங்க வீடு பொழிச்சலூர். எங்கம்மா இன்னிக்கு பக்கெட்லதான் பண்ணாங்க" என்றாள். "மேடம், உண்மையைச் சொல்லட்டுமா? இங்க வேண்டாம்னு எழுதத்தான் வந்தேன். இடம் புடிக்காம இல்ல. எங்க ஆபீஸ்ல முக்கால்வாசி வீட்ல, 'கடல் பக்கமா? வேண்டவே வேண்டாம்'ங்கறாங்க. எங்கம்மாவும்தான். கூட்டிட்டு வந்தா ரூமுக்குள்ளயே உக்காந்துடுவாங்கன்னு நெனச்சேன். இவங்க எப்படி எறங்கினாங்க?"

"கன்னியம்மா எறங்குனா, நாங்க எறங்கினோம்" என்றாள் கற்பகம் அக்கா, தலையிலிருந்து தண்ணீர் சொட்ட.

நித்யா கன்னியம்மாவைப் பார்த்தாள். "அப்போ ஒரே ஒரு விஷயம். கடல்ல யாரையும் எறங்க விடமாட்டோம். ஆனா குழந்தைங்க கரைக்குப் போகாம இருக்காதுங்க. அலை தெரிஞ்ச இந்த ஊர்க்காரங்க ஒருத்தர் கூடவே நிக்கணும். நீங்க நிப்பீங்களாக்கா?"

நான் அவசரமாக, "இல்ல, வேற யாரையாவது..." என்றேன்.

"வேற யாரு கீறாங்க?" என்றாள் கன்னியம்மா. எங்கள் பதினெட்டுப் பேரில் கடலை அறிந்த மற்றவர்களும் அவளைப் போலத்தான் இருந்தார்கள். அவள் குளத்திலிருந்து ஏறி முந்தானையைப் பிழிந்தாள். "இப்பவே பாத்துடலாம். நீ வா மேடம்."

பின்பக்கக் கேட்டின் தாழ்ப்பாள் துருப்பிடித்திருந்தது. தேவராஜ் கல்லால் தட்டித்தான் திறந்தான். வெளியே மணல் கொதித்தது. கன்னியம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். நகம் பதிந்தது. அலைக்குப் பத்தடி முன்னால் நின்றுவிட்டாள். அவள் மூச்சு வாங்குவது எனக்குக் கேட்டது. போதும், திரும்பிவிடலாம் என்று சொல்ல நினைத்தேன். பதினெட்டுப் பேர் வேலைக்காக ஒருத்தியை இப்படி வதைக்க வேண்டுமா என்றிருந்தது.

அவள் என் கையை விட்டாள். தனியாகப் போனாள்.

ஒரு அலை நுரைத்துக்கொண்டு ஏறி வந்து, மஞ்சள் படிந்த அவள் காலை முழுக்க நனைத்தது. அவள் அசையவில்லை. குனிந்து அதன் முகத்துக்கு நேராகச் சொல்வது போல, உரக்கச் சொன்னாள்:

"வா. வந்தியா? வந்தா மாதிரி ஒயுங்கா திரும்பிப் போ."

அலை திரும்பிப் போனது.

அடுத்ததற்கும் அதையே சொன்னாள். அதற்கடுத்ததற்குச் சொல்லும்போது குரல் உடைந்தது. அதுவும் திரும்பிப் போனது. பிறகு அங்கேயே, தண்ணீரிலேயே உட்கார்ந்து தங்கச்சியின் பேரைச் சொல்லி அழுதாள். ஏழு மாதத்தில் அவள் அழுது நான் அன்றுதான் பார்த்தேன். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். எனக்கும் அழுகை வந்தது. ஆனால் மார்மேல் இருந்த பாரம் ஒன்று இறங்கியது நிஜம்.

வெகுநேரம் கழித்து அவள் மூக்கைச் சிந்திவிட்டு எழுந்து, "புள்ளைங்க வந்தா இங்கதான் நிப்பேன், இதுக்கு மேல வுட மாட்டேன்" என்று மணலில் காலால் ஒரு கோடு கிழித்தாள்.

பின்னால் செருப்பைக் கையில் பிடித்தபடி நித்யா நின்றிருந்தாள். அவள் கண்ணும் சிவந்திருந்தது. துடைத்துக்கொண்டு, ஆபீஸ் குரலை வரவழைத்துக்கொண்டு கேட்டாள்.

"ஏழு பஸ் நிறுத்த இடம் இருக்கா மேடம்?"

"இருக்கு" என்றேன்.